பன்னிரண்டு சுற்று

திருப்பூர்
9.12.1992

அன்புள்ள ஒச்சாயிக்கு ரங்காத்தாள் எழுதுவது.

நீ சௌக்கியமாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். ஒருவேளை இல்லையென்றால் இதைப் படித்து முடிப்பதற்குள் ஆகிவிடு. ஆடியில் நீ போட்ட கடிதத்துக்கு மார்கழி பிறக்கப்போகிற நேரத்தில் பதிலா என்று கோபித்துக்கொள்ளாதே. எனக்கு இங்கே வேலை மாறிவிட்டது. செக்கிங் டேபிளில் பத்து வருசம் என் பக்கத்தில் உட்கார்ந்து பனியன் துணியில் ஓட்டை தேடியவள் நீ. இப்போது என்னைப் பார்த்தால் உனக்கே அடையாளம் தெரியாது. கையில் ஈயம் உருக்குகிற கோல், மூக்கில் கண்ணாடி.

நம் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வந்திருக்கிறது. ஆபீஸ் ரூமுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போகவேண்டும். குல்சார் என்று ஒரு பெண் அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். நிட்டிங் ஷெட்டில் இருக்கிற பன்னிரண்டு மெஷினும் எத்தனை சுற்று சுற்றியது, எந்த நேரத்தில் சுற்றியது என்று திரையில் எண் ஓடிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு மெஷினின் அடியிலும் ஒரு சின்ன சுவிட்சு. மெஷின் ஒரு சுற்று வந்தால் அது ஒரு தரம் தொடும். அந்தத் தொடுதலை ஆபீசுக்குக் கொண்டுபோகிற ஒயர் நான் செய்தது.

எப்படி என்கிறாயா? கம்ப்யூட்டர் விற்கிற உமர் என்ற பையன், அவனுடைய ஆட்கள் இரண்டு முனையைக் கருக்கிவிட்டார்கள் என்று தலையில் கைவைத்துக்கொண்டு நம் டேபிள் பக்கம் நின்று டீ குடித்தான். நான் அறுந்த ஒரு கண்ணியைக் கொக்கி ஊசியால் தூக்கிக்கொண்டிருந்தேன்.

"அம்மா, இந்தக் கண்ணு உங்களுக்கு எங்க கெடச்சுது?" என்றான்.

"பத்து வருசம் ஓட்டையவே பாத்தா வேற என்னுங்க கண்ணு தெரியும்?" என்றேன். மறுநாள் கோலைக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டான்.

பன்னிரண்டு மெஷினுக்குப் பன்னிரண்டு ஒயர், எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று. ஆக மொத்தம் பதின்மூன்று, ஒவ்வொன்றும் ஒரு நிறம். ஒயர் முனையில் வரிசையாகப் பின் என்கிற குட்டி ஊசிகள். ஒவ்வொரு பின்னிலும் ஈயம் வைக்க வேண்டும். ஒரு சொட்டு அதிகமானால் பக்கத்துப் பின்னைத் தொட்டுவிடும். நான் வைத்த ஈயம் கடுகு மாதிரி உருண்டையாக உட்கார்ந்திருக்கும். அந்த முனை ஷெட் ஓரத்தில் ஒரு பெட்டியில் மாட்டும், அந்தப் பெட்டியிலிருந்து கம்ப்யூட்டருக்குக் குட்டி ஒயர் ஒன்று. அதில்தான் சூட்சுமம். இந்தப் பக்கம் இரண்டாவது பின் பேசும், மூன்றாவது கேட்கும். நேராக ஒட்டினால் வாயோடு வாய் சேர்ந்துவிடும். இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருப்பார்கள், கேட்க ஆளிருக்காது. அதனால் இரண்டை மூன்றிலும் மூன்றை இரண்டிலும் மாற்றி ஒட்ட வேண்டும். உமர் ஒரு தரம் சொன்னான். மறுபடி கேட்கவில்லை நான். இதுவரை பதினேழு ஒயர் செய்திருக்கிறேன், ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. என் பேரன் பள்ளிக்கூடத்தில், "எங்க அம்மாயி கம்ப்யூட்டருக்கே நரம்பு போடறாங்க" என்று சொன்னானாம்.

ஏழாம் நம்பர் மெஷினுக்கும் ஒயர் போட்டிருக்கிறேன். உன் வீட்டுக்காரர் போன பிறகு அதன் முன்னால் நிற்க யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. நூல் மாட்டாமல், பஞ்சு படிந்து, செம்மறிக் குட்டி மாதிரி நிற்கிறது. "போட்டு வையுங்க, பின்னால ஓடும்" என்றார் சீனிச்சாமி முதலாளி. உன் மகன் சுடலை பக்கத்தில் எட்டாம் நம்பரில் நன்றாக வேலை செய்கிறான். மத்தியானம் எல்லோரும் வெளியே வேப்ப மரத்தடிக்குப் போனாலும் அவன் மட்டும் அப்பா மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிடுகிறான்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
ரங்காத்தாள்


உசிலம்பட்டி
20.1.1993

அன்புள்ள அக்காவுக்கு ஒச்சாயியின் வணக்கம்.

உங்கள் கடிதத்தைக் கருத்தம்மாவுக்கும் அவள் மாமியாருக்கும் இரண்டு தரம் படித்துக் காட்டினேன். "அஞ்சாவது படிச்சவுகளா இம்புட்டு எழுதுறாக?" என்றார் அந்த அம்மா. எட்டாவது படித்த நான் வாயை மூடிக்கொண்டேன். உங்கள் பெருமையில் பாதியை மட்டும் நம்புகிறேன். அதுவே எனக்குப் பெருமைதான்.

விலாசம் மாறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஐப்பசி மழையில் என் வீட்டின் பின்சுவர் சரிந்துவிட்டது. பொங்கலோடு மகள் வீட்டுக்கு வந்துவிட்டேன். மாப்பிள்ளை நல்ல மாதிரி. ஆனால் ஒரு விஷயத்தில் கண்டிப்பு.

அக்கா, உங்களிடம் சொல்லாதது ஒன்று உண்டு. நாம் இருந்த காலத்தில் மணி ஒன்று அடித்ததும் நான் தூக்குப்போசியோடு ஷெட் வாசலில் போய் நிற்பேனே, நினைவிருக்கிறதா? எல்லோரும் மெஷினை நிறுத்திவிட்டு வந்துவிடுவார்கள். இவர் மட்டும் ஓட்டிக்கொண்டே இருப்பார். ஒரு தரம் கூப்பிட்டால் வரமாட்டார். இரண்டாவதுக்குத் தலையை ஆட்டுவார். மூன்றாவது தரம் "சோறு ஆறுது, வாங்க" என்றால்தான் கைப்பிடியைத் தள்ளி நிறுத்துவார். அவர் போன அன்று நான் இங்கே ஊரில் இருந்தேன். கூப்பிட ஆளில்லை. எல்லோரும் சாப்பிடப் போன அந்த அரை மணி நேரத்தில், ஓடுகிற மெஷின் முன்னாலேயே விழுந்துவிட்டார்.

அதிலிருந்து தினமும் ஒரு மணிக்கு ஒரு தட்டில் சோறு வைத்து மூன்று தரம் கூப்பிடுவேன். ஒன்றரை வருசமாகத் தவறியதில்லை. மாப்பிள்ளை வீட்டில், "செத்தவுகளைக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தா புள்ளைக இருக்கிற வீட்டுக்கு ஆகாதுத்தை" என்று சொல்லிவிட்டார். மாட்டுப் பொங்கலன்று கடைசியாக வைத்தேன். இப்போது ஒரு மணியானால் கை சும்மா இருக்கிறது. வேறொன்றும் இல்லை.

சுடலைக்குப் பெண் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அவனை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லுங்கள்.

தங்கள் தங்கை,
ஒச்சாயி


திருப்பூர்
17.2.1993

அன்புள்ள ஒச்சாயிக்கு,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி. சுடலைக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பொங்கல் லீவு முடிந்து கம்பெனி திறந்த திங்கட்கிழமையிலிருந்து, தினமும் மத்தியானம் ஒரு மணி முதல் ஒன்றரை வரைக்கும் ஏழாம் நம்பர் மெஷின் ஓடியதாகக் கம்ப்யூட்டர் காட்டுகிறது. அறுநூறு சுற்று. ஒரு நாள் இரண்டு குறையும், ஒரு நாள் மூன்று கூடும். மற்ற பதினொன்றும் அந்த நேரத்தில் நின்றிருக்கும். முதல் மாசம் முழுக்க அந்த மெஷினுக்கு எதிரில் சுழியம்தான் இருந்தது. குல்சார் மாசக் கடைசியில் தாளை எடுத்து முதலாளியிடம் கொடுத்தாள். அவள்மேல் தப்பில்லை.

அந்த நேரத்தில் ஷெட்டுக்குள் இருப்பவன் சுடலை ஒருவன். அவன் சாப்பாட்டு நேரத்தில் திருட்டுத்தனமாக நூல் மாட்டி, துணி ஓட்டி, பின்சுவருக்கு அந்தப் பக்கம் கொடுத்துவிடுகிறான் என்கிறார் முதலாளி. நூலில் எப்போதும் கொஞ்சம் குறையத்தான் செய்யும். இப்போது அதற்கும் சேர்த்து ஆள் கிடைத்துவிட்டது.

"சத்தியமா நான் அந்த மெசினத் தொடலை மொதலாளி. எங்கய்யா நின்ன எடம்ங்க அது" என்று அழுதான்.

நான் குறுக்கே போனேன். "சுவத்துக்கு இந்தப் பக்கம் நானும்தானுங்க சாப்பிட்டுட்டு இருக்கறேன். ஒரு மெஷின் ஓடுனா சத்தம் கேக்காதுங்களா?" என்றேன்.

"நீங்க அவங்கம்மாவுக்குச் சிநேகிதி, அப்படித்தான் சொல்லுவீங்க. மனுசன் பொய் பேசுவானுங்க. இது பேசுமுங்களா?" என்று திரையைத் தட்டினார். பிறகு என்னைப் பார்த்து, "இல்லீனா உங்க ஒயர்ல தப்புன்னு சொல்லுங்க, கேட்டுக்கறேன்" என்றார்.

என்னால் சொல்ல முடியவில்லை ஒச்சாயி. என் ஒயரில் தப்பு கிடையாது. ஒரு பின்னைக்கூட இரண்டு தரம் பார்க்காமல் மூடியைப் போட்டதில்லை நான். அதைத்தான் சொன்னேன்.

சுடலையை வேலைக்கு வரவேண்டாம் என்று நிறுத்தியிருக்கிறார். சாட்சியில் யாரும் கைவைக்கக்கூடாது என்று, இது தீரும் வரைக்கும் கம்ப்யூட்டரையும் அணைத்து வைத்துவிட்டார். இருபது நாள் தவணை. அதற்குள் துணி எங்கே போயிற்று என்று சொல்லாவிட்டால் ஸ்டேஷனில் எழுதிக்கொடுப்பாராம். அவனை என் வீட்டில்தான் வைத்திருக்கிறேன். சாப்பிட மாட்டேன் என்கிறான்.

உன்,
ரங்காத்தாள்


உசிலம்பட்டி
25.2.1993

அக்காவுக்கு,

"என் ஒயரில் தப்பு கிடையாது" என்று முதலாளியிடம் சொன்னீர்களாம். அதை எனக்கும் எழுதுகிறீர்கள். அப்படியென்றால் என் மகன் திருடன். வேறு என்ன அர்த்தம் அக்கா?

அவன் அப்பா பதினாறு வருசம் அந்தக் கம்பெனியில் ஒரு துண்டு வேஸ்டு துணிகூட எடுத்துவந்தவரில்லை. அவர் பிள்ளையை ஸ்டேஷனில் உட்கார வைத்துவிட்டால் பிறகு எந்த வீட்டில் பெண் கேட்பேன்? எந்தக் கம்பெனி வாசலில் போய் அவன் நிற்பான்?

ஜெர்மனிக்குப் போன லாட் ஓட்டை என்று திரும்பி வந்ததே, நினைவிருக்கிறதா? பெட்டிக்குள் கிடந்தது, செக்கிங் செய்தவர் என்று உங்கள் நம்பர் போட்ட சீட்டு. நீங்கள் வாயைத் திறக்கவில்லை. நான்தான் அது என் கையில் போனது என்று சொல்லி எல்லார் முன்னாலும் தலைகுனிந்து நின்றேன். அதற்காக இன்றுவரை உங்களை ஒரு வார்த்தை கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். அந்த ஒயரைத் திறந்து பாருங்கள். தப்பு இருந்தால், இருக்கிறது என்று ஒரே ஒரு தரம் உங்கள் வாயால் சொல்லுங்கள்.

சொல்ல முடியாது என்றால் எனக்கு இனிமேல் எழுத வேண்டாம்.

ஒச்சாயி


திருப்பூர்
10.3.1993

அன்புள்ள ஒச்சாயிக்கு,

சனிக்கிழமை முதலாளி, உமர், குல்சார், ஷெட் ஆட்கள் எல்லோரையும் வைத்துக்கொண்டு ஒயரைத் திறந்தேன். ஏழாம் நம்பர் ஒயரில் ஒரு மயிரிழைச் செம்புக் கம்பி பிரிந்து, பொதுவான ஒயரின் பின்னைத் தொட்டும் தொடாமலும் நின்றது. ஒரு மணிக்குக் கூரைத் தகடு காய்கிறது. அந்தச் சூட்டில் இழை நீண்டு தொடும், காற்றாடி ஆட்டத்தில் விடும். ஒவ்வொரு தொடுதலும் ஒரு சுற்றாக எண்ணப்பட்டிருக்கிறது. உமரும் அப்படி நடக்கும் என்று சொன்னான்.

தப்பு என்னுடையது. எல்லார் முன்னாலும் சொன்னேன்.

முதலாளி சுடலையின் தோளில் கைவைத்து, "மனசுல வெச்சுக்காதப்பா" என்றார். ஒரு வாரம் லீவு கொடுத்திருக்கிறார். அவன் அங்கே வருவான். என்னை ஒயர் வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். மறுபடியும் செக்கிங் டேபிளுக்கு வந்துவிட்டேன். உன் இடத்தில் இப்போது ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருக்கிறாள். நன்றாகப் பேசுகிறாள், ஓட்டைதான் தெரியமாட்டேன் என்கிறது.

பழைய முனையை உமர் வெட்டி எறிந்துவிட்டான். புது முனை போட்டு இருபத்தொன்பதாம் தேதி திங்கட்கிழமை மாட்டுவான். அதுவரைக்கும் திரையில் எண் வராது.

ஒன்று கேட்கிறேன். காரணம் கேட்காதே. அந்தத் திங்கட்கிழமைக்குள் உன் வீட்டுக்காரருக்கு மறுபடியும் ஒரு மணிக்குத் தட்டு வை. மாப்பிள்ளைக்குத் தெரியாமலாவது வை. மூன்று தரம் கூப்பிடு.

ரங்காத்தாள்


உசிலம்பட்டி
22.3.1993

அன்புள்ள அக்காவுக்கு,

சுடலை வந்தான். தான் திருடனில்லை என்று எனக்குக் காட்ட, வேஸ்டு கூடையில் கிடந்த அந்த முனையைத் துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தான். "இந்தா பாரும்மா, இந்த இழைதான் என்னையக் கள்ளன்னு சொல்லுச்சு" என்றான்.

வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். எனக்கு இன்னும் கண்ணாடி தேவைப்படவில்லை.

துணி பின்னும்போதே விழுந்த ஓட்டைக்கும் பிறகு யாரோ பிரித்த ஓட்டைக்கும் வித்தியாசம் எப்படிப் பார்ப்பது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது யார் அக்கா? நீங்கள்தானே? முனையைப் பார், முனை சொல்லிவிடும் என்பீர்கள். அந்த இழை முதலிலேயே தவறியிருந்தால் அதன் முனை வெறும் செம்பாக இருக்கும். அந்த முனையில் ஈயம் இருக்கிறது. கொக்கி ஊசி பிடித்து இழுத்த தடமும் இருக்கிறது. நல்ல ஒட்டிலிருந்து ஒரு இழையைச் சூடு காட்டிப் பிரித்து, வளைத்து விட்டிருக்கிறீர்கள். மற்ற பன்னிரண்டும் கடுகு மாதிரிதான் இருக்கின்றன. அந்தப் பெருமையையும் நம்பாமல் இருந்துவிட்டேன்.

போன கடிதத்தில் நான் எழுதியதெல்லாம் எழுதியதுதான். திரும்ப எடுக்க முடியாது. இந்த முனையைக் கருத்தம்மாவின் நகைப்பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறேன். யாருக்கும் காட்டமாட்டேன்.

உங்கள் ஒயர் பொய் சொல்லவில்லை என்றால், பொங்கல் கழிந்த திங்கட்கிழமையிலிருந்து ஒரு மணிக்கு அந்த மெஷினை ஓட்டியது யார் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. கூப்பிட ஆளில்லாமல் ஓட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். சொந்தப் பிள்ளை மேல் பழி விழுவதுகூடத் தெரியாமல் ஓட்டியிருக்கிறார்.

வெள்ளிக்கிழமையிலிருந்து மாட்டுக்கொட்டகையில் தட்டு வைக்கிறேன். மாடு பார்க்கிறது. மூன்று தரம் கூப்பிடுகிறேன். மெதுவாகக் கூப்பிட்டால் கேட்குமா என்று தெரியவில்லை. நேற்றுக் கொஞ்சம் சத்தமாகவே கூப்பிட்டுவிட்டேன். மாப்பிள்ளை வந்து எட்டிப் பார்த்தார். படலைச் சாத்திவிட்டுப் போய்விட்டார்.

திங்கட்கிழமை என்ன எண் வந்தது என்று எழுதுங்கள்.

உங்கள் தங்கை,
ஒச்சாயி


திருப்பூர்
3.4.1993

அன்புள்ள ஒச்சாயிக்கு,

உன் கண்ணுக்குத் தப்பாது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். உமருக்கும் தெரிந்திருக்கும். அன்றைக்கு அந்த இழையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், "சூட்டுல இப்படி ஆகுமுங்க" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு முனையை வெட்டிவிட்டான்.

முந்தின நாள் மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகுதான் நான் கோலை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குள் போனேன். மூடியைக் கழற்றியபோதுகூட, தப்பு இருந்துவிடக் கூடாதா என்றுதான் நினைத்தேன். இல்லை. எல்லாம் நான் வைத்தபடியே இருந்தது. அதை நானே பிரித்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் மெஷினைப் பார்த்தேன். ஏழாம் நம்பர் மெஷின் முழுக்க ஒன்றரை வருசத்துப் பஞ்சு. ஊசிக் கட்டில், நூல் வழியில், கால் தட்டில், எங்கும் ஒரு விரல் பட்ட தடம் இல்லை. நிறுத்துகிற கைப்பிடி மட்டும் தினமும் பிடித்தது போல வழவழவென்று மின்னியது. தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. கூரைச் சூடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பக்கத்து எட்டாம் நம்பர் கைப்பிடியைத் தொட்டேன். அது சில்லென்று இருந்தது.

திங்கட்கிழமை உமர் புது முனையை மாட்டினான். ஒரு மணிக்கு முதலாளியே நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். சுடலை கதவோரம் நின்றான். நான் டேபிளிலிருந்து தண்ணீர் குடிக்கப் போகிற மாதிரி வந்து நின்றேன். மணி அடித்தது. எல்லா எண்ணும் நின்றது. ஏழாம் நம்பர் மட்டும் ஒன்று என்று விழுந்தது. இரண்டு. மூன்று. குல்சார் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். ஒன்பது, பத்து. சுடலை கண்ணை மூடிக்கொண்டான். பன்னிரண்டு.

அதோடு நின்றுவிட்டது. அரை மணி நேரம் பார்த்தோம். அசையவில்லை.

"என்னுங்க அது?" என்றார் முதலாளி.

"புதுசா மாட்டுனா கொஞ்சம் துள்ளுமுங்க" என்றான் உமர். அவன் முகத்திலும் ரத்தம் இல்லை.

செவ்வாய் பன்னிரண்டு. புதன் பன்னிரண்டு. இன்றுவரை அப்படித்தான். முதலாளிக்கு அலுத்துவிட்டது, பார்ப்பதை விட்டுவிட்டார். நான் பழைய மெஷின் ஓடுகிற வேகத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பன்னிரண்டு சுற்று என்றால் முக்கால் நிமிசத்துக்கும் குறைவு. நீ மூன்று தரம் கூப்பிடுகிற நேரம்தான்.

ஜெர்மனி லாட் சீட்டு என்னுடையதுதான். அன்றே சொல்லியிருக்க வேண்டும்.

உன் அக்கா,
ரங்காத்தாள்


திருப்பூர்
17.9.1994

அன்புள்ள ஒச்சாயிக்கு,

ஆடிக்குப் பிறகு உன்னிடமிருந்து கடிதம் இல்லை. சுடலை அவிநாசிபாளையத்தில் புதுக் கம்பெனிக்குப் போன பிறகு உன் சேதி சொல்லவும் இங்கே ஆளில்லை. ஆனாலும் நான் கவலைப்படவில்லை. எனக்குத்தான் தினமும் ஒரு மணிக்கு உன்னிடமிருந்து தந்தி வந்துவிடுகிறதே. சாப்பிட உட்காரும் முன் குல்சாரை எட்டிப் பார்ப்பேன். "பன்னெண்டுங்க பாட்டிம்மா" என்பாள். சரி, ஒச்சாயி நடமாடிக்கொண்டிருக்கிறாள் என்று தூக்குப்போசியைத் திறப்பேன். ஒன்றரை வருசமாக நமக்குள் இதுதானே கடிதம்.

அதனால்தான் இதை அவசரமாக எழுதுகிறேன். இந்தத் திங்கட்கிழமை ஒரு மணிக்கு ஓட ஆரம்பித்தது நிற்கவில்லை. அறுநூற்று இரண்டு. குல்சார் அழுதுவிட்டாள். யாரிடமும் சொல்லாதே என்று அவள் வாயைப் பொத்தினேன். செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான், புதன்கிழமையும் அப்படித்தான். நீ எங்காவது விசேஷத்துக்குப் போய்விட்டாயோ, காய்ச்சலாக இருக்குமோ என்று மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. நானே ஷெட் வாசலில் நின்று கூப்பிட்டும் பார்த்தேன். ஊரார் பெண்டாட்டி கூப்பிட்டால் வருகிறவரா அவர்?

வியாழக்கிழமை மறுபடியும் பன்னிரண்டோடு நின்றுவிட்டது. அப்பாடா என்று உட்கார்ந்தேன். நீ வீடு திரும்பிவிட்டாய், அல்லது எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டாய்.

நேற்று வெள்ளிக்கிழமை ஒரு சுற்றுகூட இல்லை. சுழியம். இன்றும் சுழியம். சாப்பாடு முடிந்து ஷெட்டுக்குள் போய்ப் பார்த்தேன். ஏழாம் நம்பர் கைப்பிடி மேல் மெல்லிசாகப் பஞ்சு படிய ஆரம்பித்திருக்கிறது. வியாழக்கிழமை அப்படி என்ன சொல்லித்தான் கூப்பிட்டாயோ தெரியவில்லை. வந்தவர் திரும்பிப் போகவே இல்லை போலிருக்கிறது.

ஒரு வரி எழுதிப் போடு. தீபாவளி லீவுக்கு நான் அங்கே வரலாம் என்றிருக்கிறேன். மாட்டுக்கொட்டகையைப் பார்க்க வேண்டும்.

உன் அக்கா,
ரங்காத்தாள்


உசிலம்பட்டி
24.9.1994

மரியாதைக்குரிய பெரியம்மாவுக்குக் கருத்தம்மா எழுதுவது.

அம்மாவுக்கு நீங்கள் போட்ட கடிதம் நேற்றுக் கிடைத்தது. தம்பி சுடலையும் நானும் சேர்ந்து படித்தோம். அவன்தான் உங்களுக்குத் தாக்கல் சொல்லியிருக்க வேண்டும். அன்றிருந்த நிலையில் மறந்துவிட்டதாகச் சொல்லி அழுகிறான். மன்னித்துக்கொள்ளுங்கள்.

பதினோராம் தேதி ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அம்மாவுக்கு வாய் இழுத்துக்கொண்டது. பேச்சு நின்றுவிட்டது. மூன்று நாள் அப்படியே கிடந்தார்கள். மத்தியானம் ஆனால் மட்டும் வாயைத் திறந்து திறந்து மூடினார்கள். தண்ணீர் கேட்கிறார்கள் என்று நினைத்துத் துணியை நனைத்து வைத்தோம். தலையை ஆட்டித் தள்ளிவிட்டார்கள். என்ன கேட்டார்கள் என்று உங்கள் கடிதத்தைப் படித்த பிறகுதான் தெரிந்தது.

புதன்கிழமை ராத்திரி பத்து மணிக்கு அம்மா தவறிவிட்டார்கள். வியாழக்கிழமை சாயந்தரம் எடுத்தோம்.

பெரியம்மா, நீங்கள் எழுதியிருக்கும் அந்த வியாழக்கிழமை மத்தியானம் அம்மா வாசலில் கிடந்தார்கள். இந்த வீட்டில் அன்று அடுப்பு மூட்டவில்லை. யாரும் யாரையும் சாப்பிடக் கூப்பிடவில்லை.

அம்மாவின் பெட்டியில் உங்கள் ஒயர் முனை இருக்கிறது. நீங்கள் வரும்போது தருகிறேன்.

இப்படிக்கு,
கருத்தம்மா